குடிகாவல் ‘பிளாக்மெயில்’ ஆன வரலாறு

மிரட்டிக் காரியம் சாதிப்பதைச் சொல்ல, தேனி வட்டாரத்தில் யாரும் அகராதியைத் தேடுவதில்லை. ‘பிளாக்மெயில் பண்றான்’ என்றால் போதும். அந்தரங்கத்தை அம்பலப்படுத்துவேன் என்ற மிரட்டலே இன்று அச்சொல்லின் முதற்பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் இந்தப் பொருள் வலுப்பட்டது. அதற்கு முன்பு அது மாடும் காவலும் சார்ந்த சொல். பதினாறாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து - இங்கிலாந்து எல்லையில், கொள்ளையிடாமல் விடுவதற்கும் பிறர் கொள்ளையிடாமல் காப்பதற்கும் குடியானவர்கள் கொடுத்த தொகைக்கு அந்தப் பெயர். ‘மெயில்’ என்றால் ஸ்காட்லாந்து வழக்கில் குத்தகைப் பணம். தபாலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. 1601இல் எலிசபெத் அரசி காலத்துச் சட்டம் வாங்கியவரோடு கொடுத்தவரையும் குற்றவாளியாக்கியது.

இந்தப் பழைய பொருளோடுதான் அச்சொல் மதுரைச் சீமைக்குள் நுழைந்தது. டபிள்யூ. பிரான்சிஸ் எழுதி 1906இல் வெளிவந்த மதுரை மாவட்ட கெசட்டியர், கள்ளர் சமூகத்தினர் கூலி பெற்று ஊரைக் காவல் காத்த குடிகாவல் முறையை ‘பிளாக்மெயில்’ என்றே வகைப்படுத்துகிறது. இன்று தேனி மாவட்டத்தில் உள்ள கம்பம் பள்ளத்தாக்கு அப்போது மதுரை மாவட்டத்தின் பெரியகுளம் தாலுகாவில் இருந்தது. காவல் கூலி பாக்கி விழுந்தால் மாடு களவு போகும், வீடு தீப்பிடிக்கும் என்கிறது அந்நூல். களவுபோன மாட்டைத் துப்புச் சொல்லி மீட்டுத் தருவதற்குத் தனியாகத் ‘துப்புக்கூலி’ வாங்கும் வழக்கமும் இருந்தது.

இவை கட்டுக்கதைகள் அல்ல. ஆனால் அந்த ஆங்கிலச் சொல்லுக்குள் அடங்காத ஒரு பாதியும் உண்டு. காவல் ஏற்றவர் ஊரிடம் தானியமோ பணமோ பெற்றார். பொருள் களவுபோனால் மீட்டுத் தரவோ ஈடு கட்டவோ கடமைப்பட்டார். பாளையக்காரர் காலத்தில் இது ஆட்சிமுறையின் ஓர் அங்கம். பாளையப் போர்களுக்குப் பின் கும்பினி அரசு அந்தக் காவல் உரிமைகளைப் பறித்தது. 1816ஆம் ஆண்டின் 11ஆம் ஒழுங்குமுறைச் சட்டம் ஊர்க் காவலைக் கலெக்டருக்கும் கிராமத் தலைவர்களுக்கும் கீழே கொண்டுவந்தது. உரிமை காகிதத்தில் போனது, வழக்கம் ஊரில் நின்றது. நேற்றுவரை கூலியாக இருந்தது அதன்பின் பறிப்பாகப் பதிவானது என்பதே என் கணிப்பு.

கொடுத்தவர்களும் சலித்துப்போயிருந்தார்கள் என்பதை மறைக்கக் கூடாது. 1896இல் திண்டுக்கல் பக்கம் கள்ளர் காவலுக்கு எதிராக ஓர் இயக்கம் மூண்டது. ஊர்கள் பொதுநிதி திரட்டித் தாங்களே காவல் வைத்துக்கொண்டன. பல ஊர்களிலிருந்து கள்ளர் குடும்பங்கள் விரட்டப்பட்டன. கம்பம் பள்ளத்தாக்கில் கள ஆய்வு செய்த மானுடவியலாளர் ஆனந்த் பாண்டியன் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

இதில் சட்டத்தின் மொழி கவனிக்கத் தக்கது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் ‘பிளாக்மெயில்’ என்ற குற்றமே இருக்கவில்லை. அதன் 383ஆம் பிரிவு சொன்னது அச்சுறுத்திப் பறித்தல். அதை நிரூபிக்க யார் யாரை மிரட்டினார், எதைப் பெற்றார் என்று வழக்குக்கு வழக்கு சாட்சி வேண்டியிருந்தது. கெசட்டியரின் சொல்லுக்கு அந்தச் சுமை இருக்கவில்லை. ஒரு சமூகம் முழுவதன் மீதும் ஒரே வரியில் அதை ஒட்டிவிட முடிந்தது. அப்படி ஒட்டியது, ஒரு சமூகத்தையே குற்றவாளிகளாகப் பதிவு செய்யும் குற்றப் பரம்பரைச் சட்டத்தை ஏவுவதற்குப் பின்னர் ஒரு வாதமானது. ‘ரேகைச் சட்டம்’ என்று மக்கள் அழைத்த அச்சட்டம் கள்ளரில் ஒரு பிரிவினரான பிரமலைக் கள்ளர் மீது பாய்ந்தது. கைரேகைப் பதிவுக்கு மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் பலர் இறந்தனர். சென்னை மாகாணத்தில் சட்டம் 1947இல்தான் நீங்கியது.

இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 308ஆம் பிரிவும் ‘பிளாக்மெயில்’ என்னாமல் பறித்தலைப் பற்றியே பேசுகிறது. ஊர் வரலாறு எழுதுவோர் கெசட்டியரை மேற்கோள் காட்டட்டும், தவறில்லை. அதன் தீர்ப்பையும் சேர்த்து நகலெடுக்காமல், குடிகாவலைக் குடிகாவல் என்றே எழுதட்டும்.