வன்னியின் ஆவணங்களும் தரவுத்தள நெறியும்

மக்களின் உரிமைகள் பல, அவை எவ்வாறு பதியப்பட்டுப் பேணப்படுகின்றன என்பதிலேயே தங்கியுள்ளன. கணினித் தரவுத்தளம் இன்றைய கருவியே. எனினும், அதனை நிருவகிப்போரும் ஆக்குவோரும் கைக்கொள்ள வேண்டிய நெறிகள் ஏடும் பேரேடும் வழங்கிய காலத்திலேயே உருவானவை. வன்னிப் பெருநிலத்தின் ஆவண வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1907ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி உறுதியொன்று மூன்றிடங்களில் தங்குகின்றது. ஒன்று உரியவரிடமும், ஒன்று நொத்தாரிசிடமும், மற்றொன்று காணிப் பதிவகத்திலும் இருக்கும். பிறப்பு, இறப்புப் பதிவுகளும் இரு பிரதிகளாகவே பேணப்படுகின்றன. இன்று காப்புப் பிரதி எனப்படுவதன் அடிப்படைக் கருத்து இதுவேயாகும்.

வன்னியின் குடியேற்றக் காணிகளின் நிலை இதனின் வேறுபட்டது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ்க் காடு வெட்டிக் கழனியாக்கியோர்க்கு அனுமதிப்பத்திரமே ஆதாரம். அப்பத்திரம் குடியேறியவர் கையிலும், அதன் விபரம் அலுவலகப் பேரேட்டிலும் இருந்தன. அவர் தமக்குப் பின்னுரித்தாளியை நியமிக்கலாம். ஆயின் அந்நியமனம் பதியப்படல் வேண்டும். பதியப்படாதவிடத்து உடன்பிறந்தாரிடையே வழக்குத் தோன்றுதல் இயல்பே.

2009ஆம் ஆண்டு மே மாதம் முடிவுற்ற போரின்போது, மக்கள் ஊர் ஊராக இடம்பெயர்ந்தனர். பத்திரங்கள் பல வழியிலே தொலைந்தன. பத்திரமும் பேரேடும் ஒரே நிலப்பரப்பில் இருப்பின், ஓர் அழிவு இரண்டையும் ஒருங்கே தாக்கக்கூடும். ஆதலின் பிரதிகள் பலவாயிருத்தல் மட்டும் போதாது. ஓர் ஆபத்து அனைத்தையும் எட்டாத தொலைவும் வேண்டும். அப்பிரதியிலிருந்து தரவை மீட்க இயலுமா என்பதைக் காலந்தோறும் மீட்டுப் பார்த்தே உறுதிசெய்தலும் வேண்டும்.

அடுத்தது அடையாளம் பற்றிய சிக்கல். முல்லைத்தீவு 1978இலும் கிளிநொச்சி 1984இலும் தனி மாவட்டங்களாயின. ஆகவே பழைய ஆவணமொன்றில் உள்ள மாவட்டப் பெயர் இன்றைய பெயராய் இராது. புதுக்குளம் என்னும் பெயரோ வன்னியில் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்களுக்கு உரியது. இடப்பெயரைக் கொண்டே ஒரு பதிவை இனங்காண முயல்வோர் இடர்ப்படுவர். 1970இல் எட்கர் கொட் வகுத்த தொடர்புசார் தரவு மாதிரியில், அட்டவணையின் ஒவ்வொரு நிரையையும் தனித்து இனங்காட்டுவதற்கு ஒரு திறவுகோல் வேண்டப்பட்டது. அத்திறவுகோல் பெயரையோ எல்லையையோ சாராத எண்ணாயிருத்தல் நன்று. தேசிய அடையாள அட்டை இதனை உணர்த்தும். ஆண்டினை ஈரிலக்கத்தாற் குறித்த பழைய எண், 2016இலே பன்னிரண்டு இலக்கங்களாக மாற்றப்பட்டது. பொருள் பொதிந்த எண் ஒருநாள் மாற்றத்தை வேண்டும். அப்போது பழைய எண்ணையும் அழியாது தனி நிரலிற் பேணுதலே முறை.

காணிக் கைமாற்றத்தைப் பதியும் நிரலாக்கர் மற்றொன்றையும் கருத்திற் கொள்ளல் வேண்டும். ஒருவரது பெயரை நீக்குதலும் மற்றவரது பெயரைச் சேர்த்தலும் ஒரே செயலாக நிறைவேற வேண்டும்; இடையிலே மின்சாரம் தடைப்படின் இரண்டுமே நிகழாமற் போதல் வேண்டும். இல்லையேல் காணி உரிமையாளரற்றதாகிவிடும். யார், எப்போது, எதனை மாற்றினர் என்பது அழிக்கவியலாத குறிப்பேட்டில் ஏறுதலும், திருத்தும் அதிகாரம் தேவையானோர்க்கு மட்டும் வழங்கப்படுதலும் இன்றியமையாதன.

உறுதியின் மூன்று பிரதிகளை விதித்தோர் கணினியை அறியாதவர்கள்; ஆயினும் ஏடு அழியக்கூடியது என்பதை அறிந்திருந்தனர். இன்று தரவுத்தளத்தை ஆக்குவோரும் அவ்வறிவோடு தம் பணியைத் தொடங்குவாராயின், இடம்பெயர்ந்து மீளும் ஒரு குடும்பம் தன் வயலைத் தன்னதென்று நிறுவப் பல வாயில்களில் ஏறியிறங்க வேண்டியிராது.