உப்பும் நிலைப்படியும்

குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது சாமியார் மந்திரித்த உப்பில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைக்கும் வழக்கம் ஒருகாலத்தில் இருந்தது. ஞானத்தின் அடையாளம் அது, கெட்டுப்போகாமல் காப்பதற்கும் அடையாளம். எனக்கு வைத்தார்கள், என் பிள்ளைகளுக்கு வைக்கவில்லை. 1969-இல் ரோமில் வெளியான புதிய குழந்தைத் திருமுழுக்குச் சடங்கில் தண்ணீர், எண்ணெய், மெழுகுவத்தி, வெள்ளைத் துணி எல்லாம் இருந்தன, உப்பு இல்லை. மரக்காணம் அளத்தில் உப்பு வாரியவரின் மகன் நான். அது போனதில் எனக்கு வருத்தம் உண்டு.

அந்த உப்புக்காக இங்கிருந்து 35 கிலோமீட்டர் தெற்கே, புதுச்சேரியில், ஒரு பெரிய வழக்கே நடந்திருக்கிறது. 1703 நவம்பரில் பாப்பரசரின் தூதராக கார்லோ தொம்மாசோ மயார் தெ தூர்னோன் வந்து இறங்கினார். சீனாவுக்குப் போகிற வழி. உடம்பு சரியில்லாமல் புதுச்சேரியிலேயே மாதக்கணக்கில் தங்கிவிட்டார். உள்நாட்டு மிஷன் ஊர்களை அவர் பார்க்கவில்லை. பூஷே, பெர்த்தோல்தி என்ற இரண்டு சேசுசபைக் குருக்களிடம் கேட்டுக்கேட்டுத்தான் அங்குள்ள வழக்கங்களைத் தெரிந்துகொண்டார். 1704 ஜூன் 23 தேதியிட்டு 16 விதிகள் எழுதி, ஜூலை 8-இல் வெளியிட்டார். 11-இல் கப்பலேறிவிட்டார்.

மதுரை, மைசூர், கர்நாடக மிஷன்களின் சேசுசபைக் குருக்கள் ஞானஸ்நானத்தில் சிலவற்றை விட்டுவிட்டார்கள் என்பது முதல் குற்றச்சாட்டு. சாமியார் தன் எச்சிலைத் தொட்டுக் குழந்தையின் காதிலும் மூக்கிலும் தடவ வேண்டும், முகத்தில் ஊத வேண்டும், உப்பு வைக்க வேண்டும். எச்சில் என்றால் தீட்டென்று ஒதுங்கும் ஊரில் இதைச் செய்தால் மேல்சாதியார் வேதத்தில் சேர மாட்டார்கள் என்ற பயம். எச்சில், உப்பு, ஊதுதல் மூன்றையும் பெயர் சொல்லியே, விடக் கூடாது என்றார் தூர்னோன். பிள்ளையார் உருவம் போட்ட தாலி கூடாது, வயதுக்கு வராத பிள்ளைகளுக்குக் கல்யாணம் கூடாது, தீட்டு நாள் என்று பெண்களை நற்கருணையிலிருந்து விலக்கக் கூடாது என்றும் அந்த விதிகள் போகின்றன.

எல்லாவற்றிலும் எனக்குப் பெரியது வேறொன்று. அந்தக் காலத்தில், சாகக் கிடக்கும் பறையருக்கு அவஸ்தைப்பூசுதல் கொடுக்க, சாமியார் அவர் குடிசைக்குள் போக மாட்டார். நோயாளியை வெளியே தூக்கிவர வேண்டும். தூர்னோன் இதைத் தடுத்தார். வீட்டுக்கே போகச் சொன்னார்.

இது எவ்வளவு பெரிய காரியம் என்று என் அப்பா படுத்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. சித்திரை மாதம், உப்பு நன்றாக விளையும் சமயம். அம்மா வாசலில் சாணம் தெளித்தாள். கயிற்றுக் கட்டிலருகே முக்காலி போட்டு, வெள்ளைத் துண்டு விரித்து, பாடுபட்ட சுரூபமும் இரண்டு மெழுகுவத்தியும் வைத்தாள். தெருவே கூடிச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தது. எங்கள் கூரை தாழ்வு. சாமியார் குனிந்து நுழைந்து, மண்தரையில் மண்டியிட்டு, அப்பாவின் நெற்றியிலும் இரண்டு உள்ளங்கையிலும் எண்ணெய் பூசினார். உப்புத் தண்ணீரில் வெடித்துப் பாளம்பாளமாக இருந்த கை அது. வெடிப்புகளுக்குள் எண்ணெய் இறங்கியது. பிறகு நற்கருணை கொடுத்தார். அன்று அப்பாவை யாரும் வாசலுக்குத் தூக்கிவரச் சொல்லவில்லை.

ஆனால் 1704-இல் எழுதியது உடனே நடந்துவிடவில்லை. நாற்பது வருடம் மனுவும் மறுமனுவுமாக ரோமுக்கும் இங்குமாகப் போனது. 1744 செப்டம்பர் 12-இல் பாப்பரசர் 14-ஆம் ஆசீர்வாதப்பர் முடிவாக ஓர் ஆணை எழுதினார். அதில்கூட, பறையருக்கென்று தனியாகச் சில குருக்களை வைத்துக்கொள்ளலாம் என்ற சேசுசபையாரின் யோசனையை ஏற்றுக்கொண்டார். குடிசைக்குள் சாமியார் வருவார், ஆனால் அவர் வேறு சாமியார்! இதை என்னால் ஒப்ப முடியவில்லை.

அடுத்த வருடமே, 1745 அக்டோபரில், புதுச்சேரியில் சம்பா கோயில் என்னும் மாதா கோயிலுக்குள் நடந்ததை ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். கோயிலின் வடபக்கம் உள்ளே ஒரு சுவர். அதற்கு ஒருபுறம் பறையர். மறுபுறம் சாதிக் கிறிஸ்தவர்களும் சட்டைக்காரரும் வெள்ளைக்காரரும். காரைக்காலிலிருந்து வந்த ஒரு குரு அதைக் கண்டித்தார். சேரி மக்கள் திரண்டுபோய்ப் பெரிய குருவிடம் நியாயம் கேட்டார்கள். அவர் சுவரை இடிக்கச் சொல்லிவிட்டார். சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். தூதரும் ஆணையும் செய்ததைவிட, அந்த மக்கள் கூட்டமாகப் போய் நின்றதைத்தான் நான் மதிக்கிறேன்.

அந்தச் சுவர் போனாலும் பிரிவினை போகவில்லை. இன்றைய புதுச்சேரி-கடலூர் உயர்மறைமாவட்டத்தில் எறையூர் இருக்கிறது; 2008-இல் அது எங்கள் விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. அப்போது அங்கே தலித் கத்தோலிக்கருக்குக் கல்லறை தனியாக இருந்தது. கோயிலுக்குப் பிணம் கொண்டுபோகும் பாதைக்கும் தகராறு. அந்த ஆண்டு மார்ச்சில் கலவரம் முற்றி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். சுட்டுக் கொல்லப்பட்டவர்கள் வன்னியக் கத்தோலிக்கர்கள். அவர்கள் வீட்டிலும் மெழுகுவத்தி ஏற்றித்தான் அழுதிருப்பார்கள். தலித் மக்கள் கேட்டது தனிப் பங்கு. பிள்ளைக்குத் திருமுழுக்கு, பெண்ணுக்குத் தாலி, பிணத்துக்குப் பூசை, மூன்றையும் யாரும் வழிமறிக்காத ஒரு கோயிலில் பெறும் உரிமை.