தீவும் தெருவும்: வீட்டுச் சூழலில் எலி நஞ்சின் பயனும் வரம்பும்

வீட்டில் எலி நடமாட்டம் தெரிந்ததும் பெரும்பாலோர் முதலில் தேடுவது எலி மருந்தைத்தான். இரவில் வைத்துவிட்டு, காலையில் கொல்லைப்புறத்தில் இரண்டு எலிகள் செத்துக் கிடந்தால் மருந்து வேலை செய்துவிட்டது என்று மனநிறைவு கொள்கிறோம். ஆறேழு வாரத்தில் மீண்டும் அரிசி மூட்டையில் ஓட்டை விழுந்தால் மருந்து போதவில்லை என்று கருதி, இன்னும் கடுமையானதைக் கேட்டு வாங்குகிறோம். செத்த எலிகளை எண்ணி எலிக் கட்டுப்பாட்டை அளக்க முடியும் என்ற நம்பிக்கைதான் இதற்கு அடிப்படை. அந்த நம்பிக்கை தவறானது என்பதே இக்கட்டுரையின் வாதம். வெளியிலிருந்து புது எலி வர முடியாத இடத்தில் நச்சு இரை முழுப்பயன் தரும். வர முடிகிற இடத்தில், அதாவது ஏறக்குறைய நம் எல்லா வீடுகளிலும், உணவையும் ஒளிவிடத்தையும் ஒழித்த பிறகே அதற்கு வேலை உண்டு. இந்த வரிசை தலைகீழாகிவிட்டதற்கு நாம் கொடுத்துவரும் விலை மிகப் பெரியது.

எலித்தொகை எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது என்ற கேள்விக்குத் தெளிவான விடை 1940களில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத் தெருக்களிலிருந்து கிடைத்தது. போர்க்காலத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் கர்ட் ரிக்டர், ஆன்டு என்னும் புதிய நஞ்சைக் கொண்டு குடியிருப்புத் தொகுதிகளில் எலி ஒழிப்பை நடத்தினார். எலிகள் ஏராளமாகச் செத்தன. ஆனால் கொல்லும் அளவுக்குக் குறைவாகத் தின்று பிழைத்தவை அந்த நஞ்சைத் தாங்கப் பழகிவிட்டன. அதே நகரில் பின்னர் ஆராய்ந்த டேவிட் டேவிஸ் கேள்வியையே மாற்றிக் கேட்டார். ஒரு தொகுதியில் எலிகளைக் குறைத்துவிட்டுப் பிறகு என்ன நடக்கிறது என்று கவனித்தார். எஞ்சிய எலிகளுக்கு உணவும் வளையும் தாராளமாகக் கிடைத்தன. பெண் எலிகள் முன்பைவிட அதிகமாகச் சூல் கொண்டன. மாதங்கள் செல்லச் செல்ல எண்ணிக்கை பழைய அளவை நோக்கி ஏறியது. குப்பையை மூடி, உடைந்த வேலிகளையும் ஓட்டைகளையும் சரிசெய்த தொகுதிகளிலோ எலிகள் குறைந்தன, குறைந்த நிலையிலேயே இருந்தன. ஓரிடம் எத்தனை எலிகளைத் தாங்கும் என்பதை அங்குள்ள உணவும் உறைவிடமும் முடிவு செய்கின்றன. நஞ்சு அந்த வரம்பைத் தொடுவதே இல்லை. எலியின் சூல்காலம் சுமார் மூன்று வாரம், பிறந்த குட்டி இரண்டு மூன்று மாதத்தில் தானும் ஈனத் தொடங்கிவிடும் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், கொல்வதை மட்டுமே நம்பும் முறை ஏன் ஓயாத வேலையாகிறது என்பது விளங்கும்.

இரண்டாவது தடை எலியின் குணம். எலியால் வாந்தி எடுக்க முடியாது. தின்றதை வெளியேற்ற வழியற்ற இந்த உயிர், தின்பதற்கு முன்பே அஞ்சும் இயல்பைப் பெற்றிருக்கிறது. பழகிய பாதையில் புதிதாக ஒரு பொருள் தோன்றினால் வீட்டெலி சில நாள் அதை அணுகாது. அணுகினாலும் சிறிது கடித்துப் பார்த்து நிறுத்திக்கொள்ளும். உடல் நலம் கெட்டால், அந்தச் சுவையை அதன் பிறகு தொடாது. ஆக்ஸ்போர்டில் சார்லஸ் எல்டன் தலைமையில் இயங்கிய விலங்குத்தொகை ஆய்வகம், போர்க்காலத்தில் உணவுக் கிடங்குகளைக் காக்கும் பணியில் இந்த அச்சத்தை விரிவாக ஆராய்ந்தது. டென்னிஸ் சிட்டி முன்னின்று பதிப்பித்த அதன் முடிவுகள் 1954-இல் நூல்களாக வெளிவந்தன. நஞ்சு கலக்காத இரையைச் சில நாள் வைத்துப் பழக்கிய பிறகே நஞ்சு கலந்ததை வைக்கவேண்டும் என்ற நடைமுறைக்கு அந்த ஆய்வுகள் உறுதியான அடித்தளம் இட்டன. நம் வேளாண் துறையினர் துத்தநாக பாஸ்பைடுக்கு இன்றும் பரிந்துரைப்பது இதையே. வீட்டில் மருந்து வைப்பவர்களில் இதைச் செய்பவர்கள் மிகச் சிலரே. பழக்காமல் வைத்த முதல் நாள் சில எலிகள் சாகும். மற்றவை பாடம் கற்றுக்கொள்ளும்.

சுண்டெலியின் இயல்பு வேறு. அது புதியதைக் கண்டு அவ்வளவாக அஞ்சாது. பத்து இடங்களில் கொறிக்கும், எங்கும் வயிறாரத் தின்னாது, நீரின்றியும் நெடுநாள் தாங்கும். வீட்டெலிக்கு ஏற்ற முறையில் ஓரிடத்தில் குவித்து வைத்த இரை சுண்டெலிக்குப் பயன்படாது. பெருச்சாளியோ தரையடியிலும் சாக்கடை ஓரத்திலும் வளை தோண்டி வாழ்வது. அதற்குப் பரண்மேல் மருந்து வைத்து என்ன பயன்? இன்னொன்றையும் வருத்தத்தோடு சொல்லவேண்டும். கீச்சிட்டபடி சுவரோரம் ஓடும் மூஞ்சூறு எலி இனமே அன்று. பூச்சியையும் கரப்பானையும் தின்று நமக்கு உதவும் அந்த உயிரையும் எலி என்று நினைத்துக் கொல்கிறோம். எந்த விலங்கு வந்திருக்கிறது என்று புழுக்கையையும் வளையையும் பார்த்து அறியாமல் மருந்து வைப்பது, நோய் தெரியாமல் மாத்திரை விழுங்குவதற்கு ஒப்பானது.

எலியின் அச்சத்தை வென்றதாகக் கருதப்பட்ட நஞ்சின் வரலாறு ஒரு மாட்டுக் கொட்டிலில் தொடங்குகிறது. 1920களில் வட அமெரிக்கச் சமவெளியில், பூஞ்சை பிடித்த இனிப்புக் குளோவர் தீவனத்தைத் தின்ற மாடுகள் சிறு காயத்திலும் இரத்தம் நிற்காமல் செத்தன. 1933-இல் விஸ்கான்சின் விவசாயி ஒருவர், செத்த மாட்டின் உறையாத இரத்தத்தைப் பால் கேனில் எடுத்துக்கொண்டு மாடிசன் நகரில் கார்ல் பால் லிங்க் என்னும் உயிர்வேதியியலாளரின் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தார். ஆண்டுக்கணக்கான உழைப்புக்குப் பிறகு அந்தக் குழு டைகூமரால் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தது. அதன் வழியில் உருவான வார்ஃபரின் 1948-இல் எலி நஞ்சாக விற்பனைக்கு வந்தது. சில ஆண்டுகளில் மனிதருக்கு இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தாகவும் ஆயிற்று. உறைதலுக்கு வேண்டிய புரதங்களைக் கல்லீரல் உருவாக்க வைட்டமின் கே தேவை. பயன்பட்ட வைட்டமினைப் புதுப்பிக்கும் நொதியை வார்ஃபரின் முடக்குகிறது. இரத்தத்தில் ஏற்கெனவே உள்ள புரதங்கள் தீர்ந்த பிறகே உடல் குலைகிறது. அதற்குச் சில நாட்கள் ஆகும். அதற்குள் எலி பலமுறை வந்து தின்றுவிடும். தின்றதற்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை அதனால் அறிய முடியாது. மனிதர் தவறுதலாக உட்கொண்டாலும் வைட்டமின் கே மாற்று மருந்தாக இருப்பது இதன் பெரிய சிறப்பு.

பத்தே ஆண்டில், 1958-இல், ஸ்காட்லாந்தில் வார்ஃபரினுக்கு மசியாத எலிகள் தென்பட்டன. பிறகு மற்ற நாடுகளிலும் தோன்றின. இதற்கு விடையாக வந்தவையே புரோமடியலோன், புரோடிஃபகும் முதலிய இரண்டாம் தலைமுறை நஞ்சுகள். நம் கடைகளில் எலி கேக் என்று கிடைப்பவற்றில் பெரும்பாலும் இருப்பது 0.005 விழுக்காடு புரோமடியலோன். இவை கல்லீரலில் பல மாதங்கள் தங்கக்கூடியவை. சாகும் அளவு தின்ற எலியும் உடனே சாகாது; மேலும் சில நாட்கள் நடமாடித் தின்றுகொண்டே இருக்கும். சோர்ந்து, பகலில் வெட்டவெளியில் தள்ளாடும் அந்த எலியைப் பிடிப்பது கூகைக்கும் பூனைக்கும் எளிது. மலேசிய எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் எலியைக் குறைக்கக் கூடுபெட்டி வைத்து வளர்த்த கூகைகள், வார்ஃபரினிலிருந்து இந்த வலிய நஞ்சுகளுக்கு மாறிய தோட்டங்களில் அருகியது 1980களில் பதிவாகியிருக்கிறது. கலிஃபோர்னியா மாநிலம் 2020-இல் சட்டம் இயற்றி, இரண்டாம் தலைமுறை நஞ்சுகளின் பெரும்பாலான பயன்பாடுகளை நிறுத்தியது. ஓர் இரவில் பல எலிகளைத் தின்னும் பறவையை இழந்துவிட்டு எலிகளைக் குறைத்ததாகக் கணக்குக் காட்டுவது பிழையான கணக்கு. காவிரிப் படுகை வயல்களில் ஆந்தை அமரக் குச்சி நடுவதும், மூங்கிலில் செய்த தஞ்சாவூர்க் கிட்டி வைப்பதும், வளை பார்த்துத் தோண்டும் இருளர்களின் திறமையும் நம்மிடம் ஏற்கெனவே உள்ள அறிவு. அவற்றைப் பழைய முறை என்று ஒதுக்க ஒரு காரணமும் இல்லை.

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை மிகப் பெரிய கேடு மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட்டால் நேர்ந்தது. இதற்கு மாற்று மருந்து கிடையாது. உட்கொண்டவருக்கு முதல் ஓரிரு நாள் பெரிய தொல்லை தெரியாமலே போகலாம். நலமாகிவிட்டது என்று வீடு திரும்பியவருக்குப் பிறகு கல்லீரல் செயலிழக்கிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சையால் சிலரைக் காப்பாற்றி அதை ஆய்வாகப் பதிவு செய்துள்ளனர். அந்தச் சிகிச்சை எல்லா ஊர் மருத்துவமனைகளிலும் கிடைப்பதில்லை. இறந்தவர்களில் பலர் மனம் உடைந்த ஒரு கணத்தில் வீட்டில் கைக்கெட்டியதை எடுத்த இளம் வயதினர். அந்தப் பொருள் கைக்கெட்டாமல் இருந்திருந்தால் அந்தக் கணம் கடந்துபோயிருக்கும் என்பது வெறும் ஆறுதல் பேச்சு இல்லை. இலங்கை 1995-இலும் 1998-இலும் கொடிய பூச்சிக்கொல்லிகளை விலக்கியபின், பத்தாண்டுக்குள் அந்நாட்டின் தற்கொலை விகிதம் ஏறத்தாழப் பாதியானது. தமிழ்நாடு அரசு இந்தப் பேஸ்ட்டைத் தடை செய்தது காலம் தாழ்ந்தாலும் சரியான முடிவு. ஆயினும் 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம் நஞ்சுகளை விலக்க மாநிலங்களுக்குத் தருவது குறுகிய காலத் தடைக்கான அதிகாரமே. நிலையான தடை ஒன்றிய அரசின் கையில் இருக்கிறது. ஒரு மாநிலத்தில் விலக்கிய பொருள் அடுத்த மாநிலத்திலிருந்து வரும்வரை தடை அரைகுறையாகவே இருக்கும்.

2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் எலி மருந்து வைத்துச் சென்ற வீட்டில், ஏசி போட்ட அறையில் உறங்கிய குடும்பத்தின் இரண்டு சிறு குழந்தைகள் இறந்தனர். பெற்றோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். மருந்தின் நச்சு நெடி மூச்சில் ஏறியதாகச் செய்திகள் கூறின. பொதுவாக அறியவேண்டிய வேதியியல் இதுதான்: பாஸ்பைடு வகை நஞ்சுகள் ஈரம் பட்டால் பாஸ்பீன் வாயுவை விடுகின்றன. எலியின் வயிற்றில் நடக்கும் அதே வேதிவினை ஈரக் காற்றிலும் நடக்கிறது. அலுமினியம் பாஸ்பைடை மக்கள் நேரடியாக வாங்க முடியாதபடி சட்டம் கட்டுப்படுத்தியிருப்பது இதனால்தான். மனிதர் உறங்கும் அறைக்குள் வாயு விடக்கூடிய எந்த எலி மருந்தும் வரக்கூடாது என்பதில் விவாதத்துக்கு இடமே இல்லை.

எதிர்வாதத்தையும் நேர்மையாக எடுத்துக்கொள்ள வேண்டும். நச்சு இரை எங்குமே வெல்லவில்லையா? வென்றிருக்கிறது. தென் அட்லாண்டிக்கில் உள்ள தென் ஜார்ஜியா தீவில் கப்பல்களோடு வந்த எலிகள் இருநூறு ஆண்டுக்கு மேலாகக் கடற்பறவைக் குஞ்சுகளைத் தின்றுவந்தன. 2011 முதல் 2015 வரை ஹெலிகாப்டர்களிலிருந்து புரோடிஃபகும் இரை தூவப்பட்டது. 2018-இல் எலியற்ற தீவு என அறிவிக்கப்பட்டது. பறவைகள் மீண்டும் கூடு கட்டுகின்றன. மற்ற உயிர்களில் சில இழப்பு நேர்ந்தும் அந்த முடிவை நான் சரியென்றே கருதுகிறேன். அங்கே கடைசி எலிவரை கொல்ல முடிந்தது. கொன்றபின் புது எலி நுழையக் கடல் விடவில்லை. தூவும் வேலையும் முடிந்துபோயிற்று. நம் தெருவில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. பக்கத்து மனையின் குப்பைமேடும், மூடியில்லாத சாக்கடையும், இறைச்சிக் கடைக் கழிவும் இருக்கும்வரை ஒரு வீட்டில் செத்த எலியின் இடத்துக்கு அடுத்த வீட்டு எலி வரும். தீவில் ஒருமுறை செய்த நஞ்சு வேலை தெருவில் ஆண்டு முழுதும் நீள்கிறது. நீள நீளக் குழந்தைக்கும் நாய்க்கும் கூகைக்கும் ஆபத்து கூடிக்கொண்டே போகிறது.

ஆகவே வீட்டில் செய்யவேண்டிய முதல் வேலை கொத்தனாருடையது. விரல் நுழையும் சந்து சுண்டெலிக்குப் போதும். கதவடியில் தகரம், குழாய் சுவரில் நுழையும் இடத்தில் சிமென்ட், கழிவுநீர்த் துளைக்குக் கம்பி வலை, கூரையைத் தொடும் மரக்கிளையை வெட்டுவது, அரிசிக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் இறுக மூடும் பாத்திரம் ஆகியவை முடிந்த பிறகு பொறி. பொறிக்கும் அகப்படாமல் எஞ்சுபவற்றுக்கே மருந்து. அந்நிலையிலும் இரத்த உறைவைத் தடுக்கும் வகையை மட்டும், பூட்டிய இரைப்பெட்டிக்குள், சுவரோரம் அசையாமல் பொருத்தி வைக்கவேண்டும். நாள்தோறும் பார்த்து, செத்ததைக் கையுறையோடு எடுத்து ஆழப் புதைக்கவேண்டும். எலிகள் தின்பதை நிறுத்தியதும் மீந்த இரையையும் பெட்டியையும் அகற்றிவிடவேண்டும். ஆண்டுக்கணக்கில் பெட்டியை அப்படியே விட்டுவைக்கும் வழக்கம் எதிர்ப்பாற்றல் கொண்ட எலிகளைப் பெருக்கும். பிளேக் என்னும் கொள்ளைநோய் பரவும் காலத்தில் கூடுதலாக ஓர் எச்சரிக்கை: தெள்ளுப்பூச்சியை ஒழிக்காமல் எலியைக் கொன்றால், செத்த எலியை விட்டு வெளியேறும் தெள்ளு மனிதரைக் கடிக்கும்.

ஒரு வீட்டார் மட்டும் செய்து முடிக்கக்கூடிய வேலையும் இது இல்லை. எலிக் கட்டுப்பாடு என்ற பெயரில் உள்ளாட்சி அமைப்புகள் செலவிடும் பணத்தில் பெரும்பகுதி குப்பை அகற்றுவதற்கும் சாக்கடை மூடுவதற்கும் போகவேண்டும். ஒன்றிய அரசு மஞ்சள் பாஸ்பரஸ் பேஸ்ட்டை நாடு முழுவதும் விலக்கவேண்டும். வாயு விடும் மருந்துகளைக் குடியிருக்கும் வீட்டுக்குள் வைப்பவரின் உரிமத்தை நிலையாக நீக்கவேண்டும். இரைப்பெட்டி இல்லாமல் எலி கேக் விற்பதைச் சட்டம் தடுக்கவேண்டும்.