ராதாரிச் சீட்டு

கல்யாணம் முடிந்த ராத்திரி என் சீயான், அதாவது தாத்தா, பொண்ணு வீட்டில் தூங்கவில்லை. அனுமந்தன்பட்டி சாவடியில் தூங்கினார். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வண்டி கட்டி வந்த மாப்பிள்ளை, இறங்கியதும் முதலில் போய் நின்றது கிராம முன்சீப் வீட்டு வாசலில். வெளியூர் போக அனுமதித்துக் கொடுத்த, மடியில் முடிந்திருந்த ராதாரிச் சீட்டை நீட்டி, இன்ன தேதி, இன்ன நேரம் வந்து சேர்ந்தான் என்று எழுதி வாங்கிய பிறகுதான் தலைப்பாகை கட்டினார்கள். அப்பத்தா இதைச் சொல்லும்போதெல்லாம் அந்தச் சீட்டை மடிக்கிற மாதிரியே முந்தானை நுனியை நாலாக மடிப்பாள். "களவாண்டு அகப்பட்ட மனுசன் இல்லப்பா. ஒரு நாளும் கோர்ட்டுப் படி மிதிச்சதில்ல. பேரு மட்டும் ஏட்டுல இருந்துச்சு."

உத்தமபாளையம் கோர்ட்டில் முப்பது வருசமாக வக்கீலாக இருக்கிறேன். ஏட்டில் பேர் ஏறினால் மனுசனுக்கு என்ன ஆகும் என்பதைச் சட்டப் புத்தகத்துக்கு முன்னால் அவளிடம்தான் படித்தேன்.

குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-ல் வடக்கே வந்தது. 1911-ல் மறுபடி எழுதியபோது மதராஸ் மாகாணத்துக்கும் நீண்டது. எங்கள் சனங்கள் வாயில் அது ரேகைச் சட்டம். ஒரு கூட்டத்தையே குற்றக் கூட்டம் என்று அரசு அறிவித்துவிடலாம். அந்த அறிவிப்பு சரியா என்று எந்தக் கோர்ட்டும் கேட்க முடியாது. அப்புறம் பதிவேடு, கைரேகை. பத்தாவது பிரிவின்படி குறித்த நேரத்தில் வந்து ஆஜராக வேண்டும், குடியிருக்கும் இடத்தையும் வெளியூர்ப் போக்குவரத்தையும் சொல்ல வேண்டும். சாவடித் தூக்கமும் ராதாரிச் சீட்டும் அதற்காகத்தான். பட்டியலிட்ட குற்றம் ஒன்றில் இரண்டாம் தடவை தண்டனை பெற்றால் 7 வருசத்துக்குக் குறையாத சிறை, மூன்றாம் தடவை ஆயுள் முழுக்க நாடு கடத்தல். அடுத்தவனுக்குச் சில மாதம் கிடைக்கிற இடத்தில், ஏட்டில் பேர் உள்ளவனுக்கு ஆயுசே போய்விடும்.

ரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி போலீஸ் சுட்டது. செத்தது 16 பேர், அதில் ஒருத்தி மாயக்காள். மதுரையில் எங்கள் ஆட்களுக்காக வழக்காடிய பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப்பை ரோசாப்பூ துரை என்று இன்னமும் சொல்கிறார்கள். முத்துராமலிங்கத் தேவரும் ஜீவாவும் சட்டத்தை எதிர்த்து ஊர் ஊராகப் பேசினார்கள். 1947-ல் மதராஸ் சட்டசபை அதை ஒழித்தது. அடுத்த வருசம் வந்த வழக்கமான குற்றவாளிகள் சட்டம் பிறப்பை விட்டுத் தனி ஆளின் தண்டனைக் கணக்கைப் பார்த்தது.

அதே 1947-ல் அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் பாலியல் குற்றவாளிகளுக்கு ஒரு பதிவேடு தொடங்கியது. முகவரி சொல்ல வேண்டும், வீடு மாறினால் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அதுவே தனிக் குற்றம். இப்படிப்பட்ட பதிவேடு தண்டனை ஆகாது, மக்கள் பாதுகாப்புக்கான ஏற்பாடு என்று 2003-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், அலாஸ்கா வழக்கில் சொன்னது. அந்தத் தீர்ப்பைப் படிக்கும்போது எனக்குச் சாவடித் திண்ணைதான் கண்ணில் நின்றது. எங்கள் ஊரில் அதற்குச் சீர்திருத்தம் என்று பேர் வைத்திருந்தார்கள்.

இரண்டும் ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன். சீயான் செய்த குற்றம் பிறந்தது மட்டும். குழந்தையைச் சிதைத்தவன் விசாரிக்கப்பட்டு, தண்டிக்கப்பட்டவன். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற போக்சோ சட்ட வழக்குகளில் பிள்ளைகளின் பக்கம் நின்றிருக்கிறேன். அவனைப் போலீஸ் மறந்துவிடக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் பேச்சே கிடையாது. 2018 செப்டம்பர் 20-ல் நம் உள்துறை அமைச்சகம் தொடங்கிய பாலியல் குற்றவாளிகளின் தேசியப் பதிவேட்டில் அப்போதே 4 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் இருந்தன. போலீஸார் மட்டும்தான் பார்க்க முடியும். அதை ஊருக்கே திறந்து விடச் சொல்கிறவர்களிடம்தான் எனக்கு வழக்கு. இங்கே குற்றவாளி பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரன், மாமன், சில வீட்டில் தகப்பன். அனுமந்தன்பட்டியில் அப்பன் பேரைச் சுவரில் ஒட்டினால் பிள்ளை யாரென்று பொழுது சாய்வதற்குள் தெரிந்துவிடும். பிள்ளையின் அடையாளம் வெளியே வரக் கூடாது என்பது அதே போக்சோ சட்டம். 17 வயதுப் பெண்ணைக் காதலித்துக் கூட்டிப் போன பையனும் அதே சட்டத்தில்தான் நிற்கிறான். அப்படி ஒரு வழக்கை 2021-ல் ரத்து செய்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், சட்டத்தைத் திருத்த வேண்டும் என்றே எழுதினார். தண்டனை ஆகிவிட்டால் அவன் பேரும் அந்த ஏட்டில்தான் ஏறும். எப்போது இறங்கும்?

சீயானின் பேர் 1947-ல் இறங்கியது. அதற்குப் பிறகுதான் அப்பத்தா ஊருக்கே குடி வந்தார். நான் டவுசர் போட்ட காலத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கம்பம் சந்தைக்குப் போவேன். நேர் ரோட்டில் ஏற மாட்டார். கிழக்கே திரும்பி முன்சீப் வீட்டு வாசலில் நின்று, துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். "கம்பம் வரைக்கும் போயிட்டு வாரேங்கய்யா."

உள்ளே இருந்து பெரும்பாலும் பதில் வராது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு நடப்பார்.