குறி சுடப் பழக .22 கைத்துப்பாக்கி: எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவின் மனு பாக்கர் பெற்ற இரண்டு வெண்கலப் பதக்கங்களும் காற்றுத் துப்பாக்கியால் வந்தவை. 25 மீட்டர் பிரிவில் அவர் நான்காம் இடம் பிடித்தபோது கையில் இருந்தது வேறொரு துப்பாக்கி. அது வெடிமருந்துத் தோட்டாவைச் சுடும் .22 கைத்துப்பாக்கி. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் விஜய் குமார் வெள்ளி வென்றதும் இந்த வகையில்தான். பொழுதுபோக்காகக் குறி சுடப் பழகுவோர் பலரும் கடைசியில் வந்து சேரும் துப்பாக்கியும் இதுவே.

இதை 'ரிம்ஃபயர்' என்பார்கள். தோட்டாவைப் பற்றவைக்கும் மருந்து அதன் அடிப்பாகத்தின் விளிம்புக்குள் இருக்கும். சுத்தியல் முனை விளிம்பில் தட்டினால் தோட்டா வெடிக்கும். குண்டின் விட்டம் 5.6 மில்லிமீட்டர். பெரிய தோட்டாக்களோடு ஒப்பிட்டால் விலை குறைவு. கையை உதைப்பதும் குறைவு. புதியவர் கண்ணை மூடாமல், உடல் அதிராமல் சுடக் கற்றுக்கொள்ள முடிவது அதனால்தான்.

துப்பாக்கியைப் பற்றி யோசிக்கும் முன் சட்டத்தைப் பார்த்துவிட வேண்டும். மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் எந்தத் துப்பாக்கியையும் வைத்திருக்க முடியாது. காற்றுத் துப்பாக்கியும் அச்சட்டத்தில் ஆயுதம்தான். "பொம்மை மாதிரிதானே" என்று இணையத்தில் தருவிக்கும் இளைஞர்களின் பெற்றோர் இதைக் கவனத்தில் கொள்வது நல்லது. 1971ஆம் ஆண்டு சுடும் ஆயுதங்கள் தொடர்பான கூடுதல் தண்டனைச் சட்டம் இன்னும் கடுமையானது. சட்டவிரோதமாக வைத்திருந்தால் 14 ஆண்டுகள் வரை சிறையும் பிரம்படியும் உண்டு. உரிமத்தை வழங்குவதும் மறுப்பதும் போலீஸின் அதிகாரம். சிங்கப்பூரிலும் உரிமம் இல்லாத துப்பாக்கிக்கு இடமில்லை. தோட்டத்தில் பயிரைக் காக்க உரிமத்தோடு வேட்டைத் துப்பாக்கி வைத்திருந்தவர்களைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். அந்த உரிமத்துக்கும் விளையாட்டுக் கைத்துப்பாக்கிக்கும் தொடர்பில்லை.

ஆகவே சொந்தத் துப்பாக்கி முதல் படி அல்ல. அங்கீகாரம் பெற்ற சுடும் மன்றத்தில் சேர்ந்து, மன்றத்தின் துப்பாக்கியால் பயிற்றுநர் முன்னிலையில் சில மாதங்கள் சுட வேண்டும். பலருக்கு அதுவே போதும். அதற்கு மேலும் ஆர்வம் நிலைத்தால்தான் தேர்வு என்ற பேச்சே எழும். அப்போது பெயரைப் பார்ப்பதைவிடக் கையைப் பார்ப்பதே முக்கியம்.

பிடி கைக்குப் பொருந்துகிறதா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. தோட்டா இல்லை என்பதைப் பயிற்றுநரோடு சேர்ந்து உறுதிசெய்த பிறகு, குறிப்பலகையை நோக்கி நின்று கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியை உயர்த்த வேண்டும். கண்ணைத் திறந்தால் முன் குறிமுனை, பின் குறிப்பள்ளத்தின் நடுவில் தானாக நிற்க வேண்டும். ஒவ்வொரு முறையும் மணிக்கட்டை வளைத்துச் சரிசெய்ய வேண்டியிருந்தால் அந்தப் பிடி உங்களுடையது அல்ல. போட்டித் துப்பாக்கிகளின் மரப்பிடி சிறியது, நடுத்தரம், பெரியது என அளவு வாரியாகவும், இடக்கைக்காரருக்குத் தனியாகவும் கிடைக்கும். சிறிய கைக்காரர் பெரிய பிடியோடு மல்லுக்கட்டினால் விரல் விசையைப் பக்கவாட்டில் இழுக்கும். ஒரே திசையில் விலகிப்போகும் குண்டுகளுக்கு இது அடிக்கடி காரணமாகிறது. மற்றவர்களோ குறிமுனையைத் திருகிக்கொண்டே இருப்பார்கள்.

அடுத்தது எடை. அனைத்துலகச் சுடும் விளையாட்டுச் சம்மேளனத்தின் விதிப்படி 25 மீட்டர் பிரிவுத் துப்பாக்கி 1,400 கிராமைத் தாண்டக்கூடாது. அதை ஒரே கையில் நீட்டிப் பிடிக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் போத்தலைத் தோள் உயரத்துக்கு நீட்டி அரை நிமிடம் நின்று பார்த்தால் அந்தப் பாரத்தை ஓரளவு உணரலாம். கனமான துப்பாக்கி நிதானமாக நிற்கும் என்பது உண்மை, தூக்க முடிந்தவருக்குத்தான்.

டிரிகர் எனப்படும் விசைக்கும் கணக்கு உண்டு. அதே பிரிவில் அதன் இழுவை 1,000 கிராமுக்குக் குறையக்கூடாது. நேராக நிறுத்திய துப்பாக்கியின் விசையில் ஒரு கிலோ எடையை மாட்டித் தூக்கிப் பார்ப்பார்கள். விசை தாங்கினால்தான் அனுமதி. இதைக் குறைத்து 'மெத்தென்று' ஆக்கித் தரச் சொல்வது புதியவர்கள் கேட்கும் முதல் சலுகை. அதைக் கேட்காமலிருப்பதே நல்லது. எவ்வளவு இலேசு என்பதைவிட, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், ஒரே அழுத்தத்தில் விடுபடுகிறதா என்பதே முக்கியம்.

மாடல்களைப் பார்த்தால் இரண்டு குடும்பங்கள். ரூகர் மார்க் 4, பிரௌனிங் பக் மார்க், 1957இல் வெளிவந்த ஸ்மித் அண்டு வெஸன் 41 ஆகியவற்றில் தோட்டாப்பெட்டி பிடிக்குள் இருக்கும். முதலிரண்டும் உழைக்கும், விலையும் தாங்கும். 2016இல் வந்த மார்க் 4ஐ ஒரு பொத்தானை அழுத்திப் பிரிக்கலாம்; அதற்கு முந்திய ரூகரைத் துடைத்து மீண்டும் பூட்டுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. மற்ற குடும்பம் பர்தினி எஸ்பி, வால்தர் ஜிஎஸ்பி போன்றவை. இவற்றில் தோட்டாப்பெட்டி விசைக்கு முன்னால் இருப்பதால் பிடியைக் கைக்கேற்பச் செதுக்க இடம் கிடைக்கிறது. விலை பல மடங்கு. பழக ரூகரே தாராளம். போட்டியில் இறங்குவோர் இரண்டாம் குடும்பத்தை நாடலாம். எதுவானாலும் பழுதுபார்ப்பவரும் உதிரிப்பாகமும் அருகில் கிடைக்குமா என்று விசாரிக்க வேண்டும். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கின் காற்றுத் துப்பாக்கித் தகுதிச் சுற்றில் துப்பாக்கி பழுதாகிப் பல நிமிடங்களை இழந்த மனு பாக்கரால் இறுதிச் சுற்றுக்குப் போக முடியவில்லை.

தோட்டாவிலும் துப்பாக்கிக்குத் துப்பாக்கி விருப்பம் மாறும். போட்டித் துப்பாக்கிகள் பெரும்பாலும் விநாடிக்கு 320 மீட்டர் அளவில் செல்லும் சாதாரண வேகத் தோட்டாவுக்காகச் செய்யப்பட்டவை. அதிவேகத் தோட்டா அவற்றின் பாகங்களை வீணாகத் தேய்க்கும். இரண்டு மூன்று வகையை வாங்கி, ஒவ்வொன்றிலும் ஐந்து குண்டுகளை மேசையில் கையை ஊன்றிச் சுட்டு, எது நெருக்கமாக விழுகிறது என்று பார்க்கலாம். 25 மீட்டர் துல்லியச் சுற்றில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 50 மில்லிமீட்டர்தான்.

வெறுமனே விசையை இழுத்துப் பழகும் முன் கையேட்டைப் படிக்க வேண்டும். தோட்டா இல்லாத இடத்தில் சுத்தியல் முனை குழலின் விளிம்பையே தட்டி, சில மாடல்களைக் கெடுத்துவிடும். நமது ஈரக்காற்றில் இரும்பு துருப்பிடிக்கும். மரப்பிடி வியர்வையை உறிஞ்சும். சுட்ட அன்றே துடைத்து எண்ணெய் பூசிவிட வேண்டும்.

.22 சத்தம் சிறியது என்று காதுக்கவசத்தை ஒதுக்கக்கூடாது, கண்ணாடியும் கட்டாயம். குண்டு ஈயத்தால் ஆனது. சுடுதளத்திலிருந்து வெளியே வந்ததும் பக்கத்துக் கடையில் நாசி லெமாக்கைக் கையால் பிசையும் முன், சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிக்கொள்ள வேண்டும்.