பல விடுதிகளும் ஓர் அடுக்களையும்: கோலாப்பூர், சதாரா மாணவர் விடுதிகள்

கல்விப் பரவலின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பள்ளிகளையே எண்ணிக் கணக்கிடுவர். சிற்றூரிலிருந்து நகருக்குப் படிக்க வந்த சிறுவன் இரவில் எங்கே தங்கினான், யார் சமைத்ததை உண்டான் என்னும் வினாக்கள் அடிக்குறிப்புக்குள் ஒதுங்கிவிடுகின்றன. தென் மராட்டியப் பகுதியில் உழவர், தாழ்த்தப்பட்டோர் குடும்பத்து இளைஞர் கல்வியில் நிலைத்தமையை அறிய, அவ்வினாக்களிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

சாகு மகாராசர் 1894இல் கோலாப்பூர் அரியணை ஏறியபோது, பொது நிர்வாகத்தின் 71 பதவிகளுள் 60 பிராமணரிடம் இருந்தன. பிற வகுப்பாரிடையே கற்றோர் அரிதாக இருந்தமையே இதன் அடிப்படை என அவர் கண்டார். 1896இல் எல்லா வகுப்பு மாணவர்க்கும் பொதுவாக ஒரு விடுதி நிறுவப்பட்டது. ஆனால் அதில் பிராமண மாணவரே மிகுந்தனர். ஏனையோர் நுழைவது அருகியே இருந்தது. சமையலும் பந்தியும் சாதி வழக்கையே பின்பற்றிய அக்காலத்தில், ‘பொது’ என்னும் பெயர் மட்டும் கதவைத் திறந்துவிடவில்லை.

இப்பட்டறிவுக்குப் பின்னரே சாகு வகுப்புவாரி விடுதிகளை நாடினார். 1901இல் மராத்தர் விடுதியும் சமணர் விடுதியும், 1906இல் முசுலிம் விடுதியும், 1907இல் இலிங்காயத்து விடுதியும் தோன்றின. 1908இல் தீண்டாமைக்கு ஆளானோர்க்கென மிஸ் கிளார்க் விடுதி, பம்பாய் ஆளுநரின் மகள் பெயரால் அமைந்தது. இவ்விடுதிகள் சாதியை மேலும் இறுக்கின என்னும் குறைகூறலில் உண்மை இல்லாமல் இல்லை. எனினும், தம்மவர் நடத்தும் இடம் என்ற துணிவே பெற்றோர் பலரைப் பிள்ளைகளை அனுப்பச் செய்தது. அரசின் கொடையோடு அந்தந்த வகுப்பாரும் பொறுப்பேற்றனர். பின்தங்கிய வகுப்பினர்க்கு அரசுப் பணியில் 50 விழுக்காடு ஒதுக்கிய 1902ஆம் ஆண்டு ஆணை, இவ்விடுதிகள் இல்லையேல் ஏட்டளவிலேயே நின்றிருக்கும்.

சமண விடுதியில் தங்கிப் பயின்றவருள் ஒருவர் பாவுராவ் பாட்டீல் (1887–1959). மிஸ் கிளார்க் விடுதி விழாவுக்குச் சென்று திரும்பியவர், தீட்டுக் கழிக்கக் குளிக்க மறுத்தமையால் விடுதியிலிருந்து நீக்கப்பட்டார் என்பர் அவர் வரலாற்றை எழுதியோர். வகுப்புவாரி விடுதி எதுவரை துணைநிற்கும், எங்கே தடையாகும் என்பதற்கு இந்நிகழ்ச்சி ஒன்றே போதிய சான்றாகும்.

1919இல் கராடு வட்டத்துக் காலே என்னும் ஊரில் அவர் ரயத் சிக்ஷண் சன்ஸ்தாவை நிறுவினார். (‘ரயத்’ எனில் உழுகுடி, ரயத்துவாரி என்னும் சொல்வழித் தமிழர்க்கும் பழக்கமானதே.) 1924இல் சதாராவில் அவர் தொடங்கிய விடுதியில் எல்லா வகுப்பு மாணவரும் ஒரே அடுக்களையில் சமைத்து, ஒரே பந்தியில் உண்டனர். 1927இல் காந்தியடிகள் இதற்குச் ‘சாகு விடுதி’ எனப் பெயர் சூட்டினார். வகுப்புக்கொரு விடுதி கண்ட மன்னரின் பெயர், அந்தச் சுவரை இடித்த விடுதிக்கு அமைந்தது நோக்கத்தக்கது.

விடுதிப் பணிகளை மாணவரே செய்தனர், நிலத்திலும் உழைத்தனர். ஊர்மக்கள் பிடியரிசிபோல் அளித்த தானியமும் உணவுக்கு உதவியது. அதுவும் போதாத நாள்களில் பாவுராவின் மனைவி இலட்சுமிபாய் தம் நகைகளையும், இறுதியில் மங்கல நாணையும் விற்று மாணவர்க்கு உணவளித்தார். வாழ்க்கை வரலாறுகள் இதனைத் தியாகமாக மட்டுமே போற்றுகின்றன. ஒரு கல்வி நிறுவனத்தின் கையிருப்பு ஒரு பெண்ணின் கழுத்தணியாகவே இருந்தது என்னும் பொருளியல் உண்மையும் அதில் அடங்கியுள்ளது. ஆசாரம் மிக்க சமணக் குடும்பத்துப் பெண், பல சாதிப் பிள்ளைகளுக்கும் தம் கையால் உணவிட்டது எளிய மாற்றமன்று. அவர் 1930இல் மறைந்தார்.

பொதுவாகப் பள்ளி முதலில் எழும். விடுதி அதன் துணைக்கட்டடமாகப் பின்னர்ச் சேரும். சதாராவில் இவ்வரிசை மாறியது. அங்கு விடுதியே முதலில் வேரூன்றியது. உயர்நிலைப் பள்ளிகள் பின்வந்தன. 1947இல் அந்நகரில் சன்ஸ்தா தொடங்கிய சத்ரபதி சிவாஜி கல்லூரிக்கும், விடுதியில் உருவான உழைத்துப் பயிலும் முறையே சென்று சேர்ந்தது.