பிரிபடாத பாகம்: மயிலாப்பூரில் வீடு வாங்குவதும் விற்பதும்



இந்த நினைவுச் சொற்பொழிவுக்கு என்ன பொருள் என்று நண்பர்கள் கேட்டபோது, "அடுக்குமாடி வீடு" என்றேன். சிரித்தார்கள். நிலத்தைப் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருக்கிறார்கள். நான் பேசப்போவதும் நிலத்தைப் பற்றித்தான். நகரத்தில் நிலம் ஃபிளாட்டுக்குள் ஒளிந்திருக்கிறது.

மயிலாப்பூரில் ஒரு கிரவுண்டு மனை என்றால் 2,400 சதுர அடி. அதில் எட்டு ஃபிளாட் கட்டிச் சமமாக விற்றால், ஒவ்வொரு கிரையப் பத்திரத்திலும் 300 சதுர அடி 'பிரிபடாத பாகம்' என்று எழுதுவார்கள். அந்த 300 அடி எங்கே இருக்கிறது என்று யாரும் காலால் கோடு போட்டுக் காட்ட முடியாது. மண் முழுவதும் எட்டுப் பேருக்கும் பொது. ஊர் என்றும் சேரி என்றும் நிலத்தைக் கோடு போட்டுப் பிரித்த சமூகத்தில், பிரிக்க முடியாத நிலம் என்ற கருத்தைப் பத்திர எழுத்தர்கள் அன்றாடம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். சட்டப்படி பார்த்தால், மாட வீதி மண்ணில் ஒரு தலித்தும் கூட்டு உரிமையாளர் ஆகலாம். நடைமுறையில் எத்தனை பேர் ஆனார்கள்? ஏன் ஆகவில்லை?

மயிலாப்பூர் பழைய துறைமுகம். 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் சாந்தோமில் குடியேறினர். கபாலீசுவரர் கோயில் இன்றுள்ள இடத்துக்கு வந்தது அதற்குப் பிறகுதான். கோயில், குளம், நான்கு மாட வீதி என்று 'ஆதியிலிருந்தே இப்படித்தான்' எனச் சொல்லப்படும் ஊர் அமைப்பும் ஒரு காலகட்டத்தில் உருவானதே. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உயர் நீதிமன்ற வழக்கறிஞர்களும் அரசு அதிகாரிகளும் இங்கே மனை வாங்கிப் பங்களா கட்டினார்கள். உறுப்பினர்களின் சேமிப்பைத் திரட்டிக் கடன் தரும் மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்ட் 1872-இல் தொடங்கியது. படிப்பு, பதவி, கடன், மனை ஆகிய நான்கும் ஒரே தெருக்களில் சேர்ந்தன. ஒரு தலைமுறை வாங்கிய மனை அடுத்த தலைமுறைக்கு மூலப்பத்திரம் ஆனது.

அதே காலத்தில் நம் மக்களுக்கு நிலம் எப்படி வந்தது? செங்கல்பட்டு ஆட்சியர் திரெமென்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, 1892-இல் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு நிலம் ஒதுக்க அரசு ஆணையிட்டது. பத்தாண்டு விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்க வேண்டும் என்று நிபந்தனை. அந்த நிலங்கள் யார் கைகளுக்குப் போயின என்பது இந்த அவைக்குத் தெரியும். நம்மைக் காக்கப் போட்ட நிபந்தனையை மீறிப் பத்திரங்கள் பதிவாயின.

நகர மையம் நமக்கு அந்நியமான இடமும் அல்ல. அயோத்திதாசர் 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய இராயப்பேட்டை, மயிலாப்பூரிலிருந்து நடந்து போகும் தூரம்.

1970-80களில் மயிலாப்பூரின் நீண்ட ஒட்டு வீடுகளும் பங்களாக்களும் இடிக்கப்பட்டன. பிள்ளைகள் வெளிநாடு போயிருந்தார்கள். பெரிய வீட்டைப் பராமரிக்க ஆளில்லை. உரிமையாளர் மனையைக் கொடுப்பார், பில்டர் கட்டுவார். ஃபிளாட்டுகளை இருவரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். உரிமையாளர் பணமே போடாமல் இரண்டு, மூன்று ஃபிளாட் பெற்றார். தாத்தா வாங்கிய மனைதான் முதலீடு. தாத்தாவுக்கு மனை இல்லாத குடும்பம் அதே ஃபிளாட்டை முழு விலைக்கு, வங்கிக் கடனில் வாங்க வேண்டும். சந்தை சாதி பார்ப்பதில்லை என்போர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும்.

பணம் இருந்தாலும் கதவு திறந்துவிடுவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நானும் என் இணையரும் அங்கே ஒரு பழைய ஃபிளாட்டைப் பார்த்தோம். விலை ஒத்துவந்தது, கடனுக்கும் வங்கி ஒப்புதல் தந்திருந்தது. தரகர் முதலில், "வெஜ்தானே சார்?" என்றார். அடுத்து, "சொந்த ஊர் எது?" ஊரைச் சொன்னோம். "ஊருக்குள்ளயா, காலனியா?" காலனி என்றோம். மறுநாள், வேறொருவர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டதாகத் தகவல் வந்தது. மூன்று வாரம் கழித்தும் அந்த ஃபிளாட் விளம்பரத்தில் இருந்தது. யார் மீது, எந்தச் சட்டத்தில் புகார் கொடுப்பது? எங்களிடம் பதில் இல்லை.

இந்த இடத்தில் மாணவர்கள் கொஞ்சம் நின்று சட்டத்தைப் படிக்க வேண்டும். பொதுச் சாலை, கிணறு, குளம், அலுவலகம் எல்லோருக்கும் உரியவை என்ற தீர்மானம் 1924-இல் சென்னை மாகாண சட்டமன்றத்தில் நிறைவேறியது. அரசமைப்பின் 15(2) பிரிவு கடை, உணவகம், கிணறு, குளம், சாலை என்று பட்டியலிடுகிறது. வீடு என்ற சொல் அதில் இல்லை. 2005-இல் குஜராத்தின் ஜொராஷ்டிரியன் வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்க வழக்கில், பார்சிகள் மட்டுமே உறுப்பினராகலாம் என்ற துணைவிதி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பார்சிகள் சிறிய சமூகம். அவர்களுடைய அச்சம் வேறு. ஆனால் அந்தத் தர்க்கம் ஆதிக்கச் சாதிச் சங்கங்களின் கைக்குப் போனால் என்ன ஆகும்? பஞ்சமி நிலத்தில் நம்மைக் காத்த நிபந்தனை காற்றில் போயிற்று. வீட்டுச் சங்கத்தில் மற்றவரை விலக்கும் நிபந்தனை நீதிமன்றத்தில் நிலைத்தது. பரோடாவில் பார்சி விடுதியிலிருந்து விரட்டப்பட்ட அம்பேத்கர், பின்னாளில் பம்பாய் தாதரில் இந்து காலனியில் 'ராஜகிருகம்' கட்டினார். அவர் மனை வாங்கிக் கட்டிக்கொண்டார். எல்லோராலும் அது முடியாது.

இதே மயிலாப்பூரில் இன்னொரு வகை அடுக்குமாடியும் உண்டு. 1970-இல் குடிசை மாற்று வாரியம் அமைந்தது. 1971-இல் அதற்கான சட்டம் வந்தது. நொச்சி நகரிலும் விசாலாட்சித் தோட்டத்திலும் வாரியக் குடியிருப்புகள் எழுந்தன. அங்கே குடியிருப்பவர் கையில் இருப்பது ஒதுக்கீட்டு ஆணை. கிரையப் பத்திரம் கிடைக்கும் வரை மண் வாரியத்துடையது. கல்யாணத்துக்கோ மருத்துவத்துக்கோ பணம் வேண்டும் என்றால் வங்கி அந்தக் காகிதத்தை ஏற்காது. வெள்ளைத்தாளில் எழுதிக்கொடுத்து அடிமாட்டு விலைக்கு விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். இரண்டு தெரு தள்ளி மண்ணில் பாகம் உள்ளவருக்கு, கட்டடம் பாழானாலும் மண்ணின் விலை ஏறிக்கொண்டே போகிறது.

கால்வாய்க் கரையில் இருந்தோருக்கு அந்தக் காகிதமும் கிடையாது. 2000-க்குப் பிறகு நகரத்தின் குடிசைவாசிகளைக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய் இறக்கினார்கள். வீட்டு வேலை, மீன் விற்பனை, பள்ளிக்கூடம் எல்லாம் மயிலாப்பூரிலேயே நின்றுவிட்டன. 2022 மே மாதம் இராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் நீதிமன்ற உத்தரவின்படி வீடுகள் இடிக்கப்பட்டபோது, குடியிருந்தவர் ஒருவர் தீக்குளித்து இறந்தார். அதன் பிறகு, அம்மக்களுக்கு மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதியிலேயே வாரிய வீடு தரப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அப்படியானால் நகர மையத்தில் இடம் இருந்திருக்கிறது. அதைச் சொல்ல வைக்க ஓர் உயிர் போக வேண்டியிருந்தது.

நாம் செய்ய வேண்டியவை மூன்று. வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் சாதி, மத விலக்கைக் குற்றமாக்கும் சட்டம் கேட்க வேண்டும். அமெரிக்காவும் பிரிட்டனும் வீட்டுவசதியில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்து சட்டம் இயற்றியது 1968-இல். வாரியக் குடியிருப்புகளுக்கு மண்ணில் பாகத்தோடு கூடிய கிரையப் பத்திரம் கேட்க வேண்டும். அகற்றுவதற்கு முன் அதே வட்டாரத்தில் வீடு என்பதை விதியாக்கப் போராட வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேலையும் வைக்கிறேன். உங்கள் தெருவில் ஒரே ஒரு மனைக்கு வில்லங்கச் சான்று வாங்கிப் படியுங்கள். யாரிடமிருந்து யாருக்கு, எந்த ஆண்டு, என்ன விலைக்கு என்று அதில் இருக்கும். அந்தப் பட்டியலில் யார் பெயர் ஒருமுறைகூட வரவில்லை என்று பாருங்கள். அதிலிருந்து உங்கள் ஆய்வு தொடங்கட்டும்.